வலது பக்கத்து ஜவ்வு

விரலை எடுக்கக் கூடாது. எடுத்தால் போச்சு. இரண்டு குழாயிலிருந்து பிதுக்கிக் குழைத்த பசை இறுகுகிற வரைக்கும் இந்தச் சட்டத்தின் நான்காவது மூலையை நானேதான் அமுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். மற்ற மூன்று மூலைக்கும் துணி காயப்போடுகிற பிளாஸ்டிக் கிளிப்பை மாட்டிவிட்டேன். நான்காவது கிளிப் வெயிலில் கிடந்து மக்கிப்போயிருக்கிறது, அழுத்தியதும் கையோடு உடைந்து வந்துவிட்டது. இரும்புப் பிடிப்பான் ஒன்று அலமாரியில் இருக்கிறது, ஆனால் அதைக் கிட்டவே கொண்டுவர முடியாது. சட்டத்துக்கு அடியில் வரிசையாக ஒட்டியிருக்கிற காந்தப் பட்டைகள் இரும்பைக் கண்டால் சும்மா இருக்காது. போன தடவை திருப்புளியைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் ஜவ்வில் குத்தின காந்தங்கள் இவை. ஜவ்வு என்றால் மைலார், வெங்காயத் தோலைவிட மெல்லிசு. அதன்மேல் அலுமினியத் தாளில் வளைந்து வளைந்து போகிற ஒரே கோடு. வண்டிக்கு ஸ்டிக்கர் வெட்டுகிற மிஷினில் கொடுத்து வெட்டி வாங்கினேன், எதுக்குங்ணா இந்தக் கோலம் என்று கடைக்காரர் கேட்டார். ஹெட்போனுக்கு என்றேன், அவர் நம்பின மாதிரித் தெரியவில்லை. கோட்டில் கரண்ட் ஓடும், காந்தம் அதைத் தள்ளும் இழுக்கும், ஜவ்வு மொத்தமும் ஒரே சமயத்தில் முன்னும் பின்னும் அசையும், அந்த அசைவுதான் சத்தம். அவ்வளவுதான் விஷயம், ஆனால் அந்த அவ்வளவுதானுக்குள் எத்தனை தொல்லை. இழுவை கூடினால் சத்தம் கீச்சென்று போகும், குறைந்தால் காந்தத்தில் போய்ப் படபடக்கும். மூக்கு நுனியில் வேர்வை ஒரு சொட்டு நிற்கிறது, ஜவ்வுக்கு நேர் மேலே. இரண்டு கையும் மாட்டிக்கொண்டிருக்கிறது, தோளில் துடைக்கலாம் என்று பார்த்தால் கழுத்து அவ்வளவு தூரம் திரும்பவில்லை. மூச்சை மட்டும் பக்கவாட்டில் விட்டுக்கொண்டிருக்கிறேன். விழாதே, விழாதே.

ஃபேன் போட முடியாது. காற்று பட்டால் ஜவ்வு நடுங்கும், தூசி வந்து ஒட்டும், பசைக்குள் ஒரு முடி போனாலும் போச்சு. ஜன்னலும் சாத்தியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கோயமுத்தூர் என்றால் குளுகுளு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறார்கள், வந்து என் அறையில் உட்கார்ந்து பார்க்கட்டும். ஃபேனை நிறுத்தினால் அந்த ஙொய்ங் வந்துவிடுகிறது. தெருமுனை டிரான்ஸ்பார்மர். அதேதான், வேறென்ன. லைன்மேனைக் கூட்டிவந்து காட்டினேன். அவன் கம்பத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, இது சத்தமே போடலைங்களேண்ணா என்று போய்விட்டான். வேலைக்குச் சோம்பல். முதலில் ஃபிரிட்ஜ் என்றுதான் நினைத்து ஒருநாள் முழுக்க அதை நிறுத்தி வைத்தேன், பால் திரிந்துபோனதும் என் பெண்டாட்டி கலாமணி ஒன்றும் சொல்லாமல் எடுத்துக் கொட்டினாள். அவள் இப்போதெல்லாம் ஒன்றும் சொல்வதில்லை, அதுவே எனக்கு எரிச்சல். போன வாரம் கரண்ட் போனபோதும் அந்த ஙொய்ங் கேட்டது. பக்கத்துத் தெருவிலும் ஒரு டிரான்ஸ்பார்மர் இருக்கிறதே. அங்கே கரண்ட் இருந்திருக்கும். அடுப்படியில் அவள் பாத்திரம் ஏதோ தேய்க்கிறாள், தேய்க்கிற சத்தம் வருகிறது, நன்றாகத்தான் வருகிறது, இடது பக்கம் அடுப்படி என்பதால் இடது பக்கமாக வருகிறது. இயற்கை. இந்தப் பொல்லாப்பெல்லாம் தொடங்கியது கடையில் வாங்கின ஹெட்போனில். நல்லதாகப் பார்த்து வாங்கினேன், வீட்டுக்கு வந்து மாட்டினால் வலது பக்கம் மந்தம். கொண்டுபோய்க் கொடுத்தேன், மாற்றித் தந்தார்கள், அதுவும் வலது மந்தம். மறுபடி போனபோது கடைப் பையன் தன் காதில் மாட்டிப் பார்த்துவிட்டு என்னை ஒரு தினுசாகப் பார்த்தான். அந்தப் பார்வைக்குத்தான் கோபம் வந்தது. செய்கிறவன் எவனுக்கும் அக்கறை இல்லை, இரண்டு பக்கமும் ஒரே அளவு வருகிற மாதிரி ஒன்று செய்யத் துப்பில்லை, நானே செய்துகொள்கிறேன் என்று கிளம்பினேன். மோட்டார் சுற்றத் தெரிந்தவனுக்குக் காந்தமும் கம்பியும் என்ன புதுசா.

இடது முதல் தடவையிலேயே அமைந்துவிட்டது. அதைச் சொல்ல வேண்டும். தொடவே இல்லை, செய்த நாளிலிருந்து ராஜா மாதிரி பேசுகிறது. வலதுதான் சனி. முதல் ஜவ்வு சுருக்கம், கிழித்துப் போட்டேன். இரண்டாவது திருப்புளி குத்தியது. மூன்றாவதில் ஒரு குறையும் கண்ணுக்குத் தெரியவில்லை, மீட்டர் வைத்துப் பார்த்தால் இடதுக்கும் வலதுக்கும் ஓம்ஸ் ஒரே அளவு, காந்தத்தின் வரிசையும் ஒரே மாதிரி, ஆனாலும் மந்தம். மீட்டரின் பாட்டரி தீர்ந்திருக்கும் என்று பாட்டரி மாற்றினேன். ஒயரை ஆம்ப்ளிஃபயரில் இடம் வலமாக மாற்றிச் செருகிப் பார்த்தேன், அப்போதும் வலதுதான் மந்தம், ஆகவே ஆம்ப்ளிஃபயரில் குற்றமில்லை. கணக்கு சுத்தம். பம்ப்செட் கம்பெனி டெஸ்டிங்கில் இத்தனை வருஷம் நான் சொல்லிக்கொடுக்கிற பாடமே அதுதான், மாத்திப் போட்டுப் பாரு. மோட்டாரா பேனலா என்று சந்தேகம் வந்தால் தலையைப் பிய்த்துக்கொள்ளாதே, மாத்திப் போட்டுப் பாரு, குற்றம் எதோடு நகர்கிறதோ அதுதான் குற்றவாளி. என்னைக் கிண்டல் பண்ணுவதற்குக்கூட அதைத்தான் சொல்வார்கள், தண்டபாணியண்ணன் சம்பந்தியையே மாத்திப் போட்டுப் பாப்பாரு என்று. ஒயரை மாற்றினேன், மீட்டரை மாற்றினேன். ஹெட்போனையே திருப்பி மாட்டிக்கொள்ளலாம், இடதை வலது காதிலும் வலதை இடது காதிலும். அதைச் செய்யவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. காதைச் சுற்றி உட்காருகிற மெத்தை பின்பக்கம் தடித்தும் முன்பக்கம் மெலிந்தும் தைத்தது, திருப்பிப் போட்டால் சரியாக உட்காராது, இடுக்கு விடும், கீழ்ச்சத்தமெல்லாம் அந்த வழியாக ஓடிவிடும், ஆகவே அந்தச் சோதனை செல்லாது. செல்லாத சோதனையை எதற்குச் செய்வது. தவிர கலாமணிக்கும் கேட்டதே. அதுதான் முக்கியம். மூன்றாவது ஜவ்வை முடித்த அன்று அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து மாட்டிவிட்டேன். என் சோதனைச் சத்தம் ஒரு மோட்டார், புது பேரிங் போட்ட நல்ல பம்ப் ஓடுவதைச் செல்போனில் பிடித்தது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும், எனக்கு அதைவிடப் பழகின சத்தம் உலகத்தில் கிடையாது. ஊர்ல அவனவன் பாட்டுக் கேக்குறான், நீங்க மோட்டாரக் கேக்குறீங்க என்று சிரித்துக்கொண்டே மாட்டிக்கொண்டாள். எப்படி இருக்கு என்றேன். கொஞ்ச நேரம் கேட்டாள், என் முகத்தைப் பார்த்தாள், அப்புறம் வலது பக்கம் கொஞ்சம் கம்மியாத்தானுங்க இருக்குது என்றாள். அன்று ராத்திரி நான் எவ்வளவு நிம்மதியாகத் தூங்கினேன். சத்தம் மந்தமாக இருப்பதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

கட்டை விரல் மரத்துக்கொண்டு வருகிறது. பசை இன்னும் பிசுபிசுக்கிறதா என்று தாளில் ஒதுக்கிவைத்த மிச்சத்தைப் பார்க்கிறேன், பளபளப்புப் போகவில்லை. பொறு. டெஸ்டிங்கில் பொறுமை இருந்தது எனக்கு, மோட்டார் சூடாகட்டும், பேரிங் தன் குணத்தைக் காட்டட்டும் என்று நின்று கேட்பேன். நீளத் திருப்புளியின் முனையைப் பேரிங் உட்காருகிற கூட்டின்மேல் வைத்துக் கைப்பிடியைக் காது எலும்பில் அழுத்தினால் உள்ளே உருளுகிற ஒவ்வொரு குண்டும் பேசும். வலது காதில்தான் வைப்பேன், எப்போதுமே வலது. இப்போது கை தானாக இடதுக்குப் போகிறது, எப்போதிலிருந்து என்று தெரியவில்லை, கைக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள். போன மாதம் நான் சரி என்று சாக்பீஸால் குறி போட்டு அனுப்பின பம்ப் ஒன்றை ஜெகநாதன் நிறுத்தி வைத்தார். என்னோடு ஒரே வருஷத்தில் சேர்ந்தவர், என்மேல் பொறாமை கிடையாது, அதுதான் கஷ்டம். தண்டபாணி, இது கொர்ருங்குதே, உனக்குக் கேக்கலையா என்றார், சாதாரணமாகத்தான் கேட்டார். கேட்டது, சின்னதாக இருந்தால் ஓடி ஓடிச் சரியாகிவிடும் என்று விட்டேன் என்றேன். நான் அப்படி விடுகிற ஆள் இல்லை என்று அவருக்குத் தெரியும். அவர் பம்பைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். கடைப் பையன் பார்த்த அதே தினுசு. வருஷா வருஷம் கம்பெனியில் காது பரிசோதனை வைக்கிறார்கள். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொல்வார்கள். வெளியே உட்கார்ந்திருக்கிற பெண்ணின் தோள், சத்தம் அனுப்பும்போதெல்லாம் லேசாக அசையும். தோளைப் பார்த்துத்தான் அமுக்கினேன். நார்மல் என்று எழுதிக் கொடுத்தார்கள், அதைக் கொண்டுவந்து கலாமணியிடம் காட்டவும் காட்டினேன், என்னத்துக்குக் காட்டினேன், அவள் கேட்கவே இல்லையே. அதற்கு முன்னால் ஒருநாள், காதுல அழுக்கு இருக்குமுங்க, ஒருக்கா டாக்டருகிட்டக் காமிச்சுட்டு வந்துரலாமுங்களா என்றாள். அழுக்கு உன் காதில் என்று கத்தினேன். அதற்கப்புறம் அந்தப் பேச்சு இல்லை. ஆனால் வேறு விதமான கோளாறுகள் பண்ணுகிறாள். பொங்கல் கழிந்ததும் படுக்கையில் இடத்தை மாற்றிக்கொண்டாள், ஃபேன் காற்று நேரே முகத்தில் அடிக்கிறதாம், கல்யாணமான நாளிலிருந்து அடிக்காத காற்று. சாப்பிடும்போதும் அந்தப் பக்கத்து நாற்காலியை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்து உட்காருகிறாள், பரிமாற வசதியாம். ரோட்டில் நடந்தால் லாரி உரசிக்கொண்டு போகிற பக்கமாக வந்து நடக்கிறாள், உள்பக்கம் வா என்றால் கேட்பதே இல்லை. வயசாக ஆகப் பிடிவாதம் ஏறுகிறது.

அப்பாவுக்கு மில்லில் போனது காது. ஸ்பின்னிங்கில் அந்தச் சத்தத்துக்குள் வருஷக்கணக்காக நின்றால் யாருக்குத்தான் போகாது. மில்லுக்காரர்கள் உள்ளே உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள், வேலையாக இருக்கிற வரைக்கும் அது ஒரு குறையாகவே தெரியாது, எல்லாருக்கும் அதுதானே. வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. அவர் எதிரிலேயே அவருடைய வைத்தியச் செலவைப் பற்றிப் பேசினோம். அவர் செத்தால் எங்கே எடுப்பது என்றுகூட ஒருநாள் சித்தப்பா பேசினார், அப்பா அவர் முகத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். நாலு பேர் உட்கார்ந்து சிரித்தால் அப்பாவும் சிரிப்பார். எங்கள் சிரிப்பு முடிகிற சமயத்தில் அவர் சிரிப்பு வரும். முதலில் எங்கள் வாயைப் பார்ப்பார், ஓ, சிரிக்கிறார்கள் என்று புரிந்துகொள்வார், அப்புறம் பல்லைக் காட்டுவார். அந்த இடைவெளி. எனக்கு அந்த இடைவெளியைத்தான் தாங்க முடியாது. அவர் அழுதிருந்தால்கூடப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். வைகாசியில் ஒரு கல்யாணப் பந்தியில், வலது பக்கத்து இலையில் இருந்தவர் என்னவோ சொன்னார், எதிர்வரிசை முழுக்கக் குலுங்கியது, நானும் சிரித்தேன். கலாமணியின் கை என் கைமேல் வந்து விழுந்தது. மெதுவாக ஒரு தட்டு. பாயசம் வந்தது, சாப்பிட்டோம். அது வெறுமனே தட்டினதாக இருக்கலாம். புருஷன் பெண்டாட்டி கையைத் தட்டிக்கொள்ள மாட்டார்களா. பயமாக இருக்கிறது எனக்கு. யாரிடமும் சொன்னதில்லை, இந்த அறைக்குள் மூச்சைப் பக்கவாட்டில் விட்டுக்கொண்டு எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், பயமாக இருக்கிறது. வேர்வைச் சொட்டு விழுந்துவிட்டது. ஜவ்வில் இல்லை, சட்டத்தின் ஓரத்தில். தப்பித்தேன்.

பசை இறுகிவிட்டது. தாளில் இருந்த மிச்சத்தை நகத்தால் குத்தினால் டிக் என்கிறது. விரலைப் பிரித்தேன், மூலை அசையவில்லை. ஜவ்வைச் சுண்டிப் பார்த்தேன், அழகான இழுவை, ஒரு சுருக்கம் கிடையாது. இத்தனை நாளில் என் கையிலிருந்து வந்த நல்ல ஜவ்வு இதுதான், இடதைவிட நன்றாக அமைந்திருக்கிறது, தைரியமாகச் சொல்வேன். மேல்பக்கத்துக் காந்தத் தட்டை மூடுவதுதான் பாடு, இரண்டு தட்டிலும் ஒரே துருவம் எதிரெதிரே இருப்பதால் ஒன்றையொன்று ஒதுக்கித் தள்ளும், கோபித்துக்கொண்ட மாட்டைப் பட்டியில் அடைக்கிற மாதிரி அமுக்கிப் பிடித்துப் பித்தளைத் திருகாணிகளை முடுக்க வேண்டும். முடுக்கினேன். மீட்டர் வைத்தேன், இடதுக்கும் வலதுக்கும் ஓம்ஸ் ஒரே அளவு. மரக் கிண்ணத்தில் உட்காரவைத்து, மெத்தையைப் பொருத்தி, ஒயரைச் செருகி, தலையில் மாட்டிக்கொண்டு, மோட்டார் ஓடுகிற பதிவைப் போட்டேன். இடது பக்கம் பம்ப் ஓடியது, புது பேரிங், தண்ணீர் ஏறுகிற மூச்சு, அடியில் இரும்பு மேஜையின் அதிர்வு, எல்லாம் இருந்தது. வலது பக்கம் அதே பம்பை யாரோ கம்பளி போர்த்தி அடுத்த அறையில் வைத்திருந்தார்கள். அதன்மேல் ஙொய்ங். நான் சத்தத்தைக் கூட்டினேன், குறைத்தேன், கழற்றி மாட்டினேன், காதுமடலை இழுத்துவிட்டுக்கொண்டேன். இழுவை போதவில்லையோ என்று ஒரு நினைப்பு வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது, நான் சுண்டிப் பார்த்த ஜவ்வு அது. சொல்லிக்கொள்ளக் காரணம் ஒன்றும் மிச்சமில்லை. மாத்திப் போட்டுப் பாரு. யாரும் சொல்லவில்லை, நானேதான் சொன்னேன், டெஸ்டிங்கில் சொல்கிற குரலில். மெத்தை சரியாக உட்காராது என்றேன். உட்காராவிட்டால் கையால் அமுக்கிக்கொள் என்றேன். கழற்றினேன், திருப்பினேன், மாட்டினேன், இரண்டு உள்ளங்கையாலும் அமுக்கிக்கொண்டேன். இடது காதில் இப்போது புது ஜவ்வு. பம்ப் ஓடியது. தண்ணீர் ஏறியது, மேஜை அதிர்ந்தது, குண்டுகள் ஒவ்வொன்றாக உருண்டன, அவ்வளவு தெளிவாக, அவ்வளவு நன்றாக. வலது காதில், ராஜா என்று நான் தொடாமல் வைத்திருந்த அந்த இடது பக்கம், கம்பளி போர்த்திக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டது.

எவ்வளவு நேரம் அமுக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன் தெரியாது. நான் கிழித்துப்போட்ட மூன்றாவது ஜவ்வை நினைத்துக்கொண்டிருந்தேன். அதிலும் ஒரு குற்றமும் இருந்திருக்காது. பிறகு ஃபேன் சுற்ற ஆரம்பித்தது, அண்ணாந்து பார்த்தேன், கலாமணி சுவிட்சைப் போட்டுவிட்டுக் காப்பியோடு நின்றுகொண்டிருந்தாள். ஹெட்போனைக் கழற்றிக் கீழே வைத்தேன். வாசலிலிருந்து என் மேஜைக்கு வர வலது பக்கம் நேர் வழி, காலியாகத்தான் கிடக்கிறது. அவள் அந்தப் பக்கம் வரவில்லை. கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் இருக்கிற சந்தில் தம்ளரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உடம்பைக் குறுக்கி, புடவை பீரோச் சாவியில் மாட்டி, அதை விடுவித்துக்கொண்டு, சுற்றி என் இடது பக்கம் வந்து நின்றாள். தினமும் இப்படித்தான் வருகிறாள். நான்தான் பார்க்காமல் இருந்திருக்கிறேன். படுக்கை, நாற்காலி, லாரி உரசுகிற பக்கம், எல்லாம் ஒன்றாக வந்து என் நெஞ்சில் உட்கார்ந்தன.

“கலா, அன்னிக்கு வலது பக்கம் கம்மியா இருக்குதுன்னு சொன்னியே. நெசமாவே கம்மியா இருந்துச்சா?”

அவள் தம்ளரை மேஜைமேல் வைத்தாள். காந்தத்துக்குப் பக்கத்தில் வைக்காமல் தள்ளி வைத்தாள், அந்த அளவுக்கு அவளும் இதில் பழகியிருந்தாள்.

“ரெண்டும் ஒண்ணாத்தானுங்க இருந்துச்சு,” என்றாள். “நீங்க என்னையே பாத்துட்டு இருந்தீங்க. எனக்கு வேற சொல்ல வாய் வரலை.”

கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. இடது காதை உள்ளங்கையால் இறுக்கி மூடிக்கொண்டு, இந்தப் பக்கம் வந்து ஏதாவது சொல்லு என்றேன். அவள் தயங்கினாள். அப்புறம் எனக்குப் பின்னால் நடந்து, பல மாதங்களாக வராத அந்த வலது பக்கத்துக்கு வந்து, குனிந்து, காதோடு வாயை வைத்துச் சொன்னாள். சின்ன வாக்கியம் இல்லை. மூச்சு சூடாகப் பட்டது, நிற்பதும் மறுபடி படுவதுமாக ரொம்ப நேரம் பட்டது, அத்தனையும் அந்த ஙொய்ங்குக்கு அப்பால் எங்கேயோ நடந்தது. முடித்துவிட்டு நிமிர்ந்தாள். என்ன சொன்னாய் என்று நான் கேட்கவில்லை. திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன், வாயைப் பார்த்தேன், அது அழப்போகிறதா சிரிக்கிறதா என்று கொஞ்சம் பார்த்து, புரிந்துகொண்டு, பிறகு சிரித்தேன்.